பாங்கோட் ட்ரீகிரீப்பர்: முதுகை விட்டுவிட்டு வாலைப் பாருங்கள்

நைனிடால் பக்கம் பாங்கோட்டில், டிசம்பர் மாதம், ஒரு ஓக் மரத்தில் ஏறிக்கொண்டிருந்த சிறு பறவையை இரண்டு படம் எடுத்திருக்கிறீர்கள். செயலி அதை யூரேசியன் ட்ரீகிரீப்பர் என்கிறது, கூட வந்த நண்பர் பார்-டெயில்டு ட்ரீகிரீப்பர் என்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், "எல்லாமே பழுப்பா, புள்ளி புள்ளியா ஒரே மாதிரிதான் இருக்கு, இதை எப்படித்தான் பிரிக்கிறாங்களோ, ஐரோப்பாவிலும் இதே கதையாமே" என்று அலுத்துக்கொண்டீர்களே, உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். அதற்கே பதில் எழுதுகிறேன்.

முதலில் சுருக்கமாக. இரண்டாவது படத்தில் இருப்பது பார்-டெயில்டு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. முதல் படத்தில் இருப்பது ஒரு ட்ரீகிரீப்பர், அதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது. நண்பர் சரி. செயலி தவறு, ஆனால் அந்தத் தவறுக்குப் பின்னால் ஒரு பழைய காரணம் இருக்கிறது, அதற்கும் வருகிறேன். நான் விலங்கியல் படித்தவன் இல்லை. இருபது வருடங்களுக்கு மேலாகப் பறவைக் கணக்கெடுப்புகளுக்காக இமயமலைக் காடுகளுக்குப் போய்வருகிறேன், ஐரோப்பாவில் இரண்டு வசந்த காலங்கள் மட்டும் பார்த்திருக்கிறேன். அதனால் இமயமலைப் பறவைகளைப் பற்றிச் சொல்வதை என் அனுபவமாகவும், ஐரோப்பியப் பறவைகளைப் பற்றிச் சொல்வதைப் பாதி படிப்பாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். தென்னிந்தியாவில் இந்தப் பறவையே கிடையாது என்பதால் நம் பேச்சில் இதற்குப் பழகிய பெயர் இல்லை. களத்தில் எல்லோரும் சொல்கிற ஆங்கிலப் பெயர்களையே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், தேடிப் பார்க்கவும் வசதியாக இருக்கும்.

இது ட்ரீகிரீப்பர்தான் என்பதை நீங்கள் ஏற்கெனவே சரியாகப் பிடித்துவிட்டதால் அந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடலாம். மரத்தில் தலைகீழாக இறங்கினால் அது நத்ஹாட்ச் என்ற வேறு பறவை. அலகு நேராகவும் தடித்தும் இருந்து, மரத்தைத் தட்டினால் மரங்கொத்தி. ட்ரீகிரீப்பர் ஒரு சுண்டெலி ஏறுவது போல அடிமரத்தில் தொடங்கி, விட்டு விட்டுத் தாவி, தண்டைச் சுற்றிக்கொண்டே மேலே போகும். மேலே போய்ச் சேர்ந்ததும் அடுத்த மரத்தின் அடிவாரத்துக்குப் பறந்து இறங்கி மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அலகு மெல்லியது, கீழ்நோக்கி வளைந்தது, பட்டை இடுக்குகளில் இருக்கும் சிலந்தியையும் பூச்சி முட்டைகளையும் நெம்பி எடுப்பதற்கென்றே ஆனது. வால் இறகுகள் விறைப்பானவை, நுனி கூர்மையானவை. ஏறும்போது அந்த வாலை ஊன்றுகோல் மாதிரி மரத்தில் அழுத்திக்கொள்ளும். இறகு உதிர்க்கும் பருவத்தில்கூட நடுவில் இருக்கும் இரண்டு வால் இறகுகளைக் கடைசியில்தான் உதிர்க்கும். மற்றவை புதிதாக முளைத்துத் தாங்க ஆரம்பித்த பிறகுதான் அவற்றை விடும். மரங்கொத்தியும் இதையேதான் செய்கிறது, இத்தனைக்கும் இரண்டும் உறவே இல்லை. வட, மத்திய இந்தியாவின் வறண்ட காடுகளில் இருக்கும் ஸ்பாட்டட் கிரீப்பர் இதே மாதிரி மரமேறினாலும் அதன் வால் மென்மையானது, ஊன்றாது. உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வாய்ப்புக் குறைவு.

சரி, குழப்பம் எங்கே வருகிறது? ட்ரீகிரீப்பர் நமக்குக் காட்டுவது முதுகை. பழுப்பு, கறுப்பு, வெளுப்புக் கோடுகள் கலந்த அந்த முதுகு மரப்பட்டையோடு கலந்து போவதற்காக உருவானது. எல்லா இனங்களும் மரப்பட்டையைப் போலத்தான் இருக்க வேண்டியிருப்பதால் எல்லா முதுகும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கிறது. ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்கும் அடையாளங்களோ தொண்டையிலும் விலாவிலும் வயிற்றிலும், அதாவது மரத்தை ஒட்டி மறைந்திருக்கும் பக்கத்தில் இருக்கின்றன. முதுகைப் படமெடுத்து வந்து புத்தகத்தில் உள்ள முதுகோடு ஒப்பிட்டுக்கொண்டே இருந்தால் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் விடை வராது. நான் முதல் மூன்று நான்கு வருடங்கள் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

மேல்பக்கத்தில் உருப்படியாக உதவும் ஒரே பாகம் வால். பார்-டெயில்டின் வாலில் குறுக்காக, நெருக்கமாக, மெல்லிய கருங்கோடுகள் ஓடும். மூடிய இறக்கையின் உள்பக்க இறகுகளிலும் அதே மாதிரிக் கோடுகள் இருக்கும். இமயமலையின் மற்ற ட்ரீகிரீப்பர்கள் எதற்கும் வாலில் கோடு கிடையாது, ஒரே பழுப்பாக வெறுமையாக இருக்கும். இதுதான் இந்த விஷயத்திலேயே மிக உறுதியான அடையாளம். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. எல்லா ட்ரீகிரீப்பருக்கும் இறக்கையில் வெளுப்பும் கறுப்புமாகப் பட்டைகள் உண்டு. இறக்கையை மூடியிருக்கும்போது அதன் நுனி வாலின் தொடக்கத்தில் வந்து படியும். புதிதாகப் பார்ப்பவர்கள் அந்த இறக்கைப் பட்டையைப் பார்த்துவிட்டு "வாலில் கோடு தெரிகிறது" என்று எழுதிவிடுவார்கள். அதனால் வாலின் கீழ்ப்பாதியை, இறக்கை நுனி தாண்டிய பகுதியை மட்டும் பாருங்கள். உங்கள் இரண்டாவது படத்தைப் பெரிதாக்கி வாலின் நுனியிலிருந்து மேலே வாருங்கள். ஏணிப்படி மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகக் கோடுகள் தெரியும், நான் எண்ணிப் பார்த்ததில் தெளிவாக ஏழு. போதும். அலகும் நீளமாக, நன்றாக வளைந்திருக்கிறது, அதுவும் பார்-டெயில்டுக்குப் பொருந்துகிறது. ஆனால் அலகை மட்டும் வைத்து நான் ஒருபோதும் முடிவு செய்ய மாட்டேன். பறவை தலையைக் கொஞ்சம் நம் பக்கம் திருப்பினாலே படத்தில் அலகு பாதியாகிவிடும்.

முதல் படத்தில் வாலின் கீழ்ப்பாதி ஒரு பாசித் திட்டுக்குப் பின்னால் போய்விட்டது. தெரிவது முதுகும் பிடரியும் மட்டுமே. பத்து நிமிட இடைவெளியில் அதே இடத்தில் எடுத்ததால் அதே பறவையாகத்தான் இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் குளிர்காலத்தில் இவை சிட்டுகள், கதிர்க்குருவிகள், நத்ஹாட்ச்கள் எல்லாம் சேர்ந்து மேயும் கலப்புக் கூட்டங்களோடு சுற்றும். அந்தக் கூட்டம் உங்களைக் கடந்து போக இருபது நிமிடம்கூட ஆகும், அதற்குள் இரண்டு மூன்று ட்ரீகிரீப்பர்கள் கடந்திருக்கலாம். ஒரே கூட்டத்தில் இரண்டு இனங்களை நானே பார்த்திருக்கிறேன்.

இனி மறைந்திருக்கும் பக்கம். வாலில் கோடு இல்லை என்று உறுதியானால் அடுத்துத் தொண்டையைப் பார்க்க வேண்டும். தொண்டையும் மார்பும் பழுப்பாக இருந்தால் சிக்கிம் ட்ரீகிரீப்பர், பழைய புத்தகங்களில் பிரவுன்-த்ரோட்டட். பிரம்மபுத்திராவுக்குத் தெற்கே நாகாலாந்து, மணிப்பூர் மலைகளில் தொண்டை இலவங்க நிறத்தில் இருந்தால் ஹியூம்ஸ் ட்ரீகிரீப்பர். முன்பு இந்த இரண்டையும் ஒரே இனமாகத்தான் வைத்திருந்தார்கள். தொண்டை வெள்ளையாக இருந்தால் மீதி இரண்டு, ரஸ்ட்டி-ஃபிளாங்டு அல்லது ஹாட்ஜ்சன்ஸ். ரஸ்ட்டி-ஃபிளாங்டு என்ற பெயரைப் பார்த்து எல்லோரும் விலாவில் துருச் சிவப்பைத் தேடுவார்கள். நான் முகத்தைத்தான் முதலில் பார்ப்பேன். அதன் வெளுத்த புருவக்கோடு அகலமானது, கண்ணுக்குப் பின்னால் கீழே வளைந்து கன்னத்தைச் சுற்றிக்கொண்டு வரும். அதனால் கன்னம் தனியாக ஒரு கருந்திட்டு மாதிரித் தெரியும், ஏதோ முகமூடி போட்ட மாதிரி. அலகு குட்டையானது. அந்த முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டால் பிறகு தூரத்திலிருந்தே தெரியும். ஹாட்ஜ்சன்ஸுக்கு இந்த விசேஷம் எதுவும் இல்லை. கோடில்லாத வால், வெள்ளைத் தொண்டை, வெள்ளை வயிறு, துரு விலா இல்லை. இல்லாதவற்றை வைத்தே அடையாளம் காண வேண்டியிருப்பதால் எனக்கு இதுதான் எப்போதும் கடினமானது.

விலா நிறத்தை ஏன் இரண்டாமிடத்தில் வைக்கிறேன் என்றால், அது ஏமாற்றும். இந்தப் பறவை வாழ்நாள் முழுக்க வயிற்றை மரப்பட்டையில் உரசிக்கொண்டு திரிகிறது. மழை பெய்து பட்டை ஊறினால் அதன் சாயமும் பாசியும் அழுக்கும் வெள்ளை இறகில் ஏறிவிடும். மாலை வெயில் சாய்ந்து விழுந்தாலும் வெள்ளை விலா செம்பழுப்பாகத் தெரியும். நானும் ஒரு வருடம் ஒரு கணக்கெடுப்பில் நாலரை மணி வெயிலில் பார்த்த பறவையை ரஸ்ட்டி-ஃபிளாங்டு என்று உற்சாகமாக எழுதிக் கொடுத்துவிட்டேன். இரவு தங்குமிடத்தில் கணினித் திரையில் படத்தைப் பெரிதாக்கியபோது வாலில் கோடு கோடாகத் தெரிந்தது. கூட இருந்த இளைஞர்கள் மரியாதைக்காகச் சிரிக்காமல் இருந்தார்கள். மறுநாள் காலையில் பதிவைத் திருத்தினேன்.

அடுத்தது இடம். இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஆனால் நாம் எல்லோரும் கடைசியில்தான் பார்க்கிறோம். பாங்கோட் உத்தராகண்டில், ஏறக்குறைய 2000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சிக்கிம் ட்ரீகிரீப்பர் நேபாளத்திலிருந்து கிழக்கே இருப்பது, ஹியூம்ஸ் இன்னும் தூரம். ஆக உங்கள் பட்டியலில் இருப்பவை மூன்றுதான். அவற்றில் பார்-டெயில்டு மேற்கு இமயமலையில் மிகச் சாதாரணமானது, குளிரில் அடிவாரம் வரை இறங்கிவரும். ரஸ்ட்டி-ஃபிளாங்டு உத்தராகண்டில் இருந்தாலும் கிழக்கே போகப் போகத்தான் சுலபமாகக் கிடைக்கும். ஹாட்ஜ்சன்ஸ் காஷ்மீரிலிருந்து கிழக்கு இமயமலை வரை அங்கங்கே இருக்கிறது, பெரும்பாலும் மேலே, ஃபிர், பிர்ச் மாதிரி மரங்கள் உள்ள உயரமான காடுகளில். அதனால் பாங்கோட் பக்கம் குளிர்காலத்தில் ஒரு ட்ரீகிரீப்பரைப் பார்த்தால் பந்தயம் கட்டச் சொன்னால் பார்-டெயில்டு மீதுதான் கட்டுவேன். ஆனால் பந்தயம் வேறு, பதிவு வேறு. உங்கள் முதல் படத்தை நான் பெயரிட மறுப்பது அதனால்தான்.

செயலி சொன்ன யூரேசியன் ட்ரீகிரீப்பர் விஷயத்துக்கு வருகிறேன். அந்த இனம் அயர்லாந்து, பிரிட்டனில் தொடங்கி ஜப்பான் வரை பரவியது. இப்போதைய வகைப்பாட்டின்படி இமயமலையில் அது இல்லை. ஆனால் நான் பறவை பார்க்கத் தொடங்கிய காலத்துப் புத்தகங்களில் இமயமலையின் ஹாட்ஜ்சன்ஸ் தனி இனமே கிடையாது, யூரேசியனின் உள்ளினம்தான். பாட்டையும் மரபணுவையும் ஒப்பிட்டு ஜெர்மானிய, சீன ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகுதான் அதைப் பிரித்தார்கள். ஹியூம்ஸ் தனியானதும் அந்த ஆய்வுக்குப் பிறகுதான். ஆகவே பழைய புத்தகத்தையோ பழைய படங்களின் தலைப்புகளையோ பார்த்தால் "இமயமலையில் யூரேசியன் ட்ரீகிரீப்பர்" என்று இருக்கும். அதைப் பார்த்தால் ஹாட்ஜ்சன்ஸ் என்று மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள். செயலிக்கு நீங்கள் இடத்தையும் தேதியையும் கொடுக்காமல் படத்தை மட்டும் கொடுத்திருந்தால், உலகத்தில் அதிகம் படமெடுக்கப்பட்ட ட்ரீகிரீப்பரின் பெயரை அது சொல்வதில் ஆச்சரியம் இல்லை.

இதே ஆய்வாளர்கள் பின்பற்றிய வழி நமக்கும் பயன்படும், அதாவது குரல். ட்ரீகிரீப்பர் இனங்கள் பாட்டை வைத்துப் பார்த்தால் இரண்டு கூட்டமாகப் பிரிகின்றன. வடக்குக் கூட்டம், அதாவது யூரேசியன், ஹாட்ஜ்சன்ஸ், ஐரோப்பாவின் ஷார்ட்-டோட், அமெரிக்காவின் பிரவுன் கிரீப்பர் ஆகியவை, வெவ்வேறு சுரங்களைக் கோத்து ஒரு சிறு மெட்டாகப் பாடும். தெற்குக் கூட்டம், அதாவது பார்-டெயில்டு, ரஸ்ட்டி-ஃபிளாங்டு, சிக்கிம், ஹியூம்ஸ் ஆகியவை, ஒரே சுரத்தை வேகவேகமாக அடுக்கிக்கொண்டே போகும். எளிதாகச் சொன்னால், ஏப்ரல் மே மாதங்களில் உத்தராகண்டில் ஒரு ட்ரீகிரீப்பர் ஏறி இறங்கும் மெட்டாகப் பாடினால் அது ஹாட்ஜ்சன்ஸ். ஒரே சீராக அதிர்ந்துகொண்டே போனால் மற்ற இரண்டில் ஒன்று. டிசம்பரில் பாட்டுக்கு வாய்ப்பில்லை, கூப்பிடு குரல் மட்டும்தான், அதை வைத்துப் பிரிப்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். இவற்றின் குரல் மிக மெல்லியது, சுருதி மிக உயரமானது. வயதாக ஆக முதலில் காதை விட்டுப் போவது இந்த மாதிரிக் குரல்கள்தான். கூட வரும் இளைஞர் "அதோ கத்துது சார்" என்று கை காட்டும்போது எனக்கு இப்போதெல்லாம் காட்டின் அமைதி மட்டும்தான் கேட்கிறது. அதனால் பத்து வருடத்துக்கு முன் நான் குரலை வைத்துச் சொன்னதை நம்புங்கள், நேற்று சொன்னதைக் கொஞ்சம் யோசித்து நம்புங்கள்.

ஐரோப்பாவில் இதே கதையா என்று கேட்டீர்கள். ஒரு வகையில் அங்கே இன்னும் மோசம். இமயமலையில் வாலில் கோடு, பழுப்புத் தொண்டை என்று கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களாவது உண்டு. ஐரோப்பாவின் யூரேசியனும் ஷார்ட்-டோடும் அப்பட்டமான இரட்டையர்கள். யூரேசியனின் புருவக்கோடு வெள்ளையாக அலகு வரை ஓடும், ஷார்ட்-டோடில் கண்ணுக்கு முன்னால் மங்கிவிடும். யூரேசியனின் அடிப்பக்கம் வெள்ளை, ஷார்ட்-டோடின் விலா அழுக்குப் பழுப்பு. ஷார்ட்-டோடின் அலகு சராசரியாகக் கொஞ்சம் நீளம், பின்விரல் நகம் குட்டை, பெயரே அதனால் வந்ததுதான். பறவைகளைப் பிடித்துக் காலில் அடையாள வளையம் மாட்டுபவர்கள் அந்த நகத்தை அளப்பார்கள், களத்தில் நமக்கு அது உதவாது. இதில் பிரிட்டனில் இருக்கும் யூரேசியன் உள்ளினத்தின் விலாவே கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். வடக்கு ஐரோப்பாவின் பளீர் வெள்ளைப் பறவைகளைப் பார்த்து எழுதிய வர்ணனையை அங்கே கொண்டுபோனால் தடுமாறுவோம்.

நல்லவேளையாக அங்கும் இடம் பாதி வேலையை முடித்துவிடும். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நிலையாக வாழ்வது யூரேசியன் மட்டுமே, ஷார்ட்-டோட் எப்போதாவது வழிதவறி வருவது. ஆனால் பிரான்ஸை ஒட்டிய சானல் தீவுகளில் நேர்மாறாக ஷார்ட்-டோட்தான். வட ஆப்பிரிக்காவிலும் அதுதான். இரண்டும் சேர்ந்து வாழும் மத்திய ஐரோப்பாவில் பொதுவாக யூரேசியன் மலைப்பக்கத்து ஊசியிலைக் காடுகளிலும், ஷார்ட்-டோட் தாழ்வான பகுதிகளின் அகன்ற இலை மரங்களிலும் பூங்காக்களிலும் இருக்கும். இது பொதுப் போக்குதான், சட்டம் இல்லை. ஒரே காட்டில் இரண்டையும் பார்க்கலாம். போட்டிக்கு ஆள் இல்லாத பிரிட்டனில் யூரேசியன் தாராளமாக அகன்ற இலைக் காடுகளில் வாழ்கிறது.

அங்கே எல்லோரும் நம்புவது பாட்டைத்தான். யூரேசியனின் பாட்டு மெல்லியதாகத் தொடங்கி, சரிந்து இறங்கி, கடைசியில் ஒரு சுழிப்போடு முடியும். ஷார்ட்-டோடின் பாட்டு அதைவிடச் சின்னது, சத்தமானது, தட்டித் தட்டிப் போகும் தாளம் உள்ளது. எனக்கு இது பழக இரண்டு காலை நடைகள் போதுமாக இருந்தன. ஆனால் இதிலும் ஒரு வில்லங்கம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வாழும் இடங்களில் ஒன்று மற்றொன்றின் பாட்டைக் கற்றுக்கொண்டு பாடுவது உண்டு. இரண்டு பாட்டையும் மாற்றி மாற்றிப் பாடும் பறவைகளும் இருக்கின்றன. ஆக, ஷார்ட்-டோட் அரிதான இடத்தில் அதன் பாட்டைக் கேட்டேன் என்பது மட்டும் அங்கே சாட்சி ஆகாது. கூப்பிடு குரலையும் கேட்க வேண்டும், பறவையையும் பார்க்க வேண்டும். கூப்பிடு குரலில் ஷார்ட்-டோட் சொட்டுச் சொட்டாக, உரக்க, "டூட், டூட்" என்று அழுத்திக் கூப்பிடும். யூரேசியன் மெல்லிய இழுப்பாக "ஸ்ரீ" என்று கூப்பிடும். அமெரிக்காவுக்குப் போனால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை, வட அமெரிக்கா முழுவதற்கும் பிரவுன் கிரீப்பர் ஒன்றுதான். ஆஸ்திரேலியாவிலும் ட்ரீகிரீப்பர் என்று பெயருள்ள பறவைகள் உண்டு, அவை வேறு குடும்பம், பெயர் ஒற்றுமையோடு சரி.

அடுத்தமுறை பாங்கோட் போகும்போது இதை முயன்று பாருங்கள். பறவை உங்களுக்கு நேரே முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும்போது அவசரப்பட்டு முப்பது படம் எடுக்காதீர்கள். அது தண்டைச் சுற்றும். தண்டின் ஓரத்துக்கு வந்து பக்கவாட்டில் தெரியும் ஒரு விநாடிக்காகக் காத்திருங்கள். அப்போதுதான் தொண்டை, கன்னம், விலா, வால் நான்கும் ஒன்றாகத் தெரியும்.  படம் கிடைக்காவிட்டாலும் தொலைபேசியில் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள், என் மாதிரிக் காது போனவர்கள்கூட அந்த ஒலியைப் படமாக்கிய வரைபடத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

இந்த இரண்டு படங்களைப் பொறுத்தவரை, இரண்டாவதைப் பார்-டெயில்டு என்று பதிவிடுங்கள். முதலாவதை இனம் பிரிக்காத ட்ரீகிரீப்பர் என்றே போட்டுவிடுங்கள், அப்படிப் பதிவிடுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, என் குறிப்பேட்டில் ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் அப்படிப் பத்துப் பதினைந்து இருக்கும். அதே வரிசையில் எடுத்த வேறு படங்களில், மங்கலானதாக இருந்தாலும் பரவாயில்லை, வாலின் நுனி தெரிகிற ஒன்று இருந்தால் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.